கௌசல்யாவின் பேனரைக் கழற்றாதீர்கள்

1

நான் ஜெர்மனிக்கு வந்து இந்த மார்ச் மாதத்தோடு இருபத்தொன்பது வருஷம் ஆகிறது. ஊர் பெயர் கெம்னிட்ஸ். முதல் நாள் ரயில் நிலையத்தில் இறங்கியபோது டிராமுக்கு டிக்கெட் எப்படி எடுப்பது என்று யாரையும் கேட்கக் கூச்சப்பட்டு, பெட்டியை இழுத்துக்கொண்டு மாணவர் விடுதி வரை நடந்தே போனேன். பாதி வழியில் பெட்டியின் ஒரு சக்கரம் கழன்றுகொண்டது. அன்றிலிருந்து வருஷத்துக்கு ஒரு முறை அதே நாளில் அதே வழியில் நடக்கிறேன். வேண்டுதல் மாதிரி ஆகிவிட்டது. என் மகள் யாழினிக்குப் பதினைந்து வயது. இரண்டு வருஷம் முன்பு வரை கூட வந்தாள். இப்போது, "நீ போயிட்டு வாம்மா, உனக்கு அது யோகா மாதிரி" என்று ஜெர்மனில் சொல்லிவிட்டு போனைப் பார்க்கப் போய்விடுகிறாள்.

இந்த வருஷம் நான் இன்னும் நடக்கவில்லை. நாள் தாண்டிப் போய்விட்டது. வேண்டுமென்றேதான் தள்ளிப் போட்டிருக்கிறேன். அதற்குக் காரணம் கூட்டேரிப்பட்டில் நிற்கும் ஒரு பேனர்.

திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் போகிற பஸ்ஸில் இதைப் படிக்கிறவர்கள் யாராவது இருந்தால், கூட்டேரிப்பட்டில் வெளியே எட்டிப் பாருங்கள். நெடுஞ்சாலையை விட்டு எங்கள் கிராமத்துக்குத் திரும்புகிற முனையில் இரண்டு சவுக்குக் கம்பங்களுக்கு நடுவே அது நிற்கிறது. மழையில் ஒரு ஓரம் கிழிந்து, கட்டுக்கம்பி போட்டுத் தைத்திருக்கும். நீலப் புடவை கட்டிய ஒரு பெண் கையில் பட்டச் சுருளோடு சிரித்துக்கொண்டிருப்பாள். அவள் கௌசல்யா, என் தம்பி ஏழுமலையின் மகள். அந்தப் பேனரை உடனே கழற்றச் சொல்லி முதலில் கத்தியவள் நான்தான்.

2

போன வருஷம் ஆகஸ்டில், வேலை நேரத்தில் வாட்ஸ்அப்பில் அந்தப் படம் வந்தது. நான் ஒரு குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறேன். வேலை முடிந்து உட்காரும்போது என்னையறியாமல் "அப்பாடா" என்பேன். அதைக் கேட்டுக் கேட்டு, கூட வேலை செய்யும் நான்கு ஜெர்மன்காரர்களும் இப்போது சாயங்காலம் நாற்காலியில் சாய்ந்தபடி "அப்பாடா" என்கிறார்கள். அன்று அந்தப் படத்தைப் பார்த்ததும் எனக்கு வாயில் வந்தது "ஐயோ". அதற்கு அர்த்தம் என்ன என்று கேட்டார்கள். என் தம்பி என்றேன்.

'மேற்படிப்புக்காக ஜெர்மனி செல்லும் எங்கள் குலவிளக்கு ஏ.கௌசல்யா பி.இ. அவர்களை வாழ்த்தி வழியனுப்புகிறோம்' என்று மஞ்சள் எழுத்து. கீழே சிவப்புப் பட்டையில் புறப்படும் நாள். செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. சுற்றிலும் வட்டம் வட்டமாக எங்கள் தெரு இளைஞர்களின் முகங்கள், பாதிப் பேர் கூலிங் கிளாஸில். பின்னணியில் ஐஃபெல் கோபுரம்.

உடனே கூப்பிட்டேன்.

"டேய், அது பிரான்ஸ்ல கீற கோபுரம்டா."

"ஃபாரின்தானேக்கா. டிசைன் பண்ற பையன் அதான் எடுப்பா கீதுன்னான். எப்புடி கீது, கௌசி சிரிக்கிறது நல்லாக் கீதில்ல?"

"விசா வந்துடுச்சா?"

"வந்துடும். சீட்டே கெடச்சிடுச்சி, விசா வராம எங்க பூடும்?"

"வந்தப்புறம் வெக்கக் கூடாதா? மொதல்ல கழட்டுடா அத."

"கழட்டறதா? க்கா, அந்த மொனையில நம்ப தெரு ஆளுங்க படம் ஏறி நீ பாத்துக்கிறியா?"

நான் பார்த்ததில்லை. அந்த முனையில் வருஷம் முழுக்கப் பேனர் உண்டு. கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, தலைவர்களின் பிறந்தநாள், கண்ணீர் அஞ்சலி. எல்லாமே ஊர்ப் பக்கத்து முகங்கள். எங்கள் தெரு ஊரைத் தாண்டி, ஏரி வாய்க்காலுக்குக் கீழே பள்ளத்தில் இருக்கிறது. எங்கள் கல்யாணங்களுக்குத் தெரு முனை வேப்பமரத்தில்தான் பேனர் கட்டுவோம். அந்த முனையில் வைக்கக் கூடாது என்று எழுதிவைத்த சட்டம் ஏதும் இல்லை. யாரும் வைத்ததில்லை, அவ்வளவுதான்.

ஏழுமலை லோடு ஆட்டோ ஓட்டுகிறான். அக்கம்பக்கத்து ஊர் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, மூட்டைகளை விற்பனைக் கூடத்துக்கு ஏற்றிப் போகிற வேலை. எங்கள் அப்பா அதே கூடத்தில் மூட்டை தூக்கியவர். தினம் நான்கு தடவையாவது அந்த முனையில் தம்பியின் வண்டி திரும்பும். இத்தனை வருஷமாக அடுத்தவர் வீட்டுச் சிரிப்பைப் பார்த்துக்கொண்டே திரும்பியவன் அவன். அவனுக்கு ஆசை வந்தது தப்பு என்று இப்போது எனக்குத் தோன்றவில்லை. அன்றைக்குத் தோன்றியது. கோபத்தில் போனை வைத்துவிட்டேன்.

அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போது யாழினிக்குப் படத்தைக் காட்டினேன். அவள் சிரித்த சிரிப்பில் சோறு புரை ஏறியது. அப்புறம் கேட்டாள்: "நீ வரும்போது உனக்கு இப்படி வெச்சாங்களா?"

"இல்ல."

"ஏன்?"

நான் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன்.

3

கௌசி இங்கே வருவதற்கு நாங்கள் போட்ட திட்டத்தைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். இதே கணக்கில் இருக்கும் பிள்ளைகள் நம் பக்கம் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

அவள் திண்டிவனத்தில் சிவில் படித்தாள். நல்ல மார்க். மேலே படிக்க வேண்டும் என்றாள். ஒன்றரை வருஷம், ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் வீடியோவில் உட்கார்ந்தோம். இங்கே பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கும் படிப்புக் கட்டணம் இல்லை. ஒவ்வொரு பருவத்துக்கும் ஒரு சிறு தொகை, அதில் பஸ் பாஸும் சேர்ந்து வரும். சில மாநிலங்களிலும் சில பல்கலைக்கழகங்களிலும் வாங்குகிறார்கள். அவற்றைப் பட்டியலிலிருந்து அடித்தோம். பெரிய நகரங்களில் அறை வாடகையே ஆளைத் தின்றுவிடும் என்பதால் அவற்றையும் அடித்தோம். மிச்சம் இருந்த ஆறுக்கு விண்ணப்பித்து இரண்டில் இடம் கிடைத்தது. ஒன்று இங்கிருந்து ஒரு மணி நேர ரயில் பயணத்தில். படிப்பு, நீர்ப் பொறியியல்.

ஒரு வருஷச் சாப்பாட்டுக்கும் வாடகைக்கும் வேண்டிய பணத்தை முன்கூட்டியே ஒரு தனிக் கணக்கில் கட்டிப் பூட்டிவைக்க வேண்டும். இங்கே வந்தபின் மாதா மாதம் அதையே நமக்குத் தருவார்கள். இதை ஏழுமலைக்குப் புரியவைக்க எனக்கு மூன்று ஞாயிறு ஆனது.

"நம்ப காச நம்பகிட்டயே மாசா மாசம் குடுப்பானா? அதுக்கு இன்னாத்துக்கு வாங்கறான்?"

"புள்ள பட்டினி கெடக்கக் கூடாதுன்னுதான்டா."

"அப்ப காலேஜுக்கு?"

"காலேஜுக்கு எதுவும் இல்ல."

அவன் குரலைத் தாழ்த்திச் சொன்னான். "க்கா, ஃபீஸ் இல்லாத காலேஜுன்னு வெளிய சொல்லிக்கினு இருக்காத. எவன் மதிப்பான்?"

எங்கள் ஆட்களின் நோய் இது. எனக்கும் உண்டு, அதனால் தைரியமாகச் சொல்கிறேன். இலவசமாகக் கிடைத்த எதையும் யாரும் எங்களுக்கு மரியாதையோடு கொடுத்ததில்லை. வரிசையில் நின்று வாங்கிய செருப்பு, வேட்டி, அரிசி எல்லாவற்றோடும் ஒரு பேச்சும் சேர்ந்தே வந்தது. அதனால் காசு கட்டினால்தான் நல்ல பொருள், காசு கட்டினால்தான் உரிமையோடு கேட்கலாம் என்று மனத்தில் ஊறிப்போயிருக்கிறது. கடைசி நேரத்தில் ஏழுமலை செய்த காரியத்துக்கு வேர் அங்கேதான் இருக்கிறது.

விசாவுக்கு எல்லாத் தாள்களும் தயாராகி, கௌசி தன் கைப்பட எழுதிய கடிதமும் தயாராகிவிட்டது. ஏன் இந்தப் படிப்பு, ஏன் இந்த ஊர், முடித்துவிட்டு என்ன செய்வாய் என்று சொல்லும் கடிதம். நான் இரண்டு தடவை படித்துத் திருத்தியிருந்தேன். ஏழுமலைக்கு மனம் ஆறவில்லை. காசு வாங்காமல் அக்கா செய்த வேலை சரியாக இருக்குமா என்ற சந்தேகம். என்னிடம் சொல்லாமல் விழுப்புரத்தில் மாடியில் இருக்கும் ஒரு ஏஜென்டிடம் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போனான். ஏ.சி. அறை, சுவரெல்லாம் கொடிகள். அந்த ஆள் காசை வாங்கிக்கொண்டு, கௌசியின் கடிதத்தை எடுத்துவிட்டுத் தன்னிடம் இருந்ததை வைத்துவிட்டான். சின்ன வயதிலிருந்தே ஜெர்மனியின் தொழில்நுட்பத்தின் மீது எனக்குத் தீராத காதல் என்று தொடங்கும் அது. எத்தனை பிள்ளைகளின் பேரில் அதே காதல் போயிருக்கிறதோ தெரியவில்லை. அழகான ஆங்கிலம் என்று கௌசியும் பேசாமல் இருந்துவிட்டாள். ஒரு வாரம் கழித்துப் பேனர் ஏறியது.

செப்டம்பரில், பேனரில் இருந்த நாளுக்கு ஐந்து நாள் முன்பு, விசா இல்லை என்று தாள் வந்தது. படிப்பின் நோக்கம் நம்பும்படி இல்லை என்று காரணம் போட்டிருந்தார்கள்.

4

அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது, போனது. பேனரில் கௌசி சிரித்துக்கொண்டே இருந்தாள். வீட்டுக்குள் இருந்த கௌசி கதவைத் திறக்கவில்லை.

டீக்கடையில் ஒருவர், "இன்னா ஏழுமல, ஃப்ளைட்டு லேட்டா?" என்று கேட்டாராம். இன்னொருவர், "கோபுரத்த மட்டும் இங்கயே கொண்டாந்துட்டானுங்க" என்றாராம். தம்பி அதற்கெல்லாம் அசைகிற ஆள் இல்லை என்று நினைத்திருந்தேன். அசைந்துவிட்டான். மறுபடியும் அந்த மாடி ஏறினான்.

இந்தத் தடவை ஏஜென்ட் வேறு ஒரு நாட்டுப் பெயரைச் சொன்னான். தனியார் கல்லூரி, ஒன்றரை மாதத்தில் விசா, கேரண்டி. நீர்ப் பொறியியல் அங்கே இல்லை, ஏதோ மேலாண்மைப் படிப்பு. கட்டணம் கேட்டால் தலை சுற்றும். அதற்கும் வழி சொன்னான். எங்கள் வீடு நிற்கிற மனையின் பட்டாவை வைத்துக் கடன் தர ஒருவர் தயாராக இருக்கிறாராம்.

அந்த மூன்று சென்ட் மனைக்காக என் அப்பா பதினோரு வருஷம் தாலுகா ஆபீசுக்கு நடந்தார். அவர் கையில் பட்டா வந்த அன்று அதைத் தலையணை உறைக்குள் வைத்துத் தூங்கினார். எனக்கு ஒன்பது வயது, நன்றாக ஞாபகம் இருக்கிறது.

"வெள்ளிக்கெழம கையெழுத்துக்கா," என்றான் ஏழுமலை. "ஜல்தி முடிச்சாதான் இந்த பேட்ச்ல அனுப்ப முடியும்ன்றான்."

"எந்தக் காலேஜு, இன்னா படிப்புன்னு கௌசிகிட்ட கேட்டியா?"

"ஏதோ ஒண்ணு. போனாப் போதும்க்கா. பேனர் வெச்சிட்டு ஊட்ல குந்திக்கினு இருந்தா நாளைக்கி தெருவுல தல காட்ட முடியுமா? பேஜாராக் கீது."

"பேனரக் கழட்டிடு. ஊட்ட வெக்காத."

"கழட்டுனா தோத்துட்டோம்னு ஆயிடும்."

"தோத்துத்தான்டா இருக்கறோம். ஒரு வாட்டி தோத்தா இன்னா?"

"உனக்கின்னாக்கா தெரியும்? நீ ஒரே வாட்டில போனவ."

சமையலறை மேடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பின்னால் யாழினி கதவருகே நின்றிருந்தாள். இருபத்தொன்பது வருஷமாக நான் யாருக்கும் சொல்லாத ஒன்றை அவளும் கேட்கும்படி சொன்னேன். இந்தப் பக்கத்தில் உங்களுக்கும் எழுதிவிடுகிறேன்.

நான் ஒரே தடவையில் வரவில்லை. எனக்கும் முதல் தடவை விசா கிடைக்கவில்லை. நேர்காணலில் ஏன் இந்தப் படிப்பு என்று கேட்டபோது எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. ஒரு செப்டம்பரில் போக வேண்டியவள், அடுத்த வருஷத்து மார்ச்சில்தான் போனேன். நடுவில் இருந்த ஆறு மாதம் தாம்பரத்தில் ஒரு பெண்கள் விடுதியில் ஒளிந்திருந்தேன். டியூஷன் எடுத்தேன். சென்னையில் வேலை கிடைத்திருக்கிறது என்று அப்பா தெருவுக்குச் சொல்லியிருந்தார். ஏழுமலைக்கு அப்போது பதினான்கு வயது, அவனுக்கும் அதையேதான் சொன்னார். மாதம் ஒரு தடவை வறுத்த மல்லாட்டை கட்டிக்கொண்டு வருவார். விடுதி வாசலில் நின்றபடியே, "ஆச்சாம்மா?" என்பார். இன்னும் இல்லை என்றால், "செரி, படி" என்று திரும்பிவிடுவார். உள்ளே வந்து ஒரு வாய் தண்ணீர் குடித்ததில்லை.

ஒரு தடவை அவரிடம் சண்டை போட்டேன். ஏன் இப்படித் திருடி மாதிரி ஒளிந்திருக்க வேண்டும் என்று கேட்டேன்.

"நீ தோத்தது தெரிஞ்சா," என்றார், "நம்ப தெருவுல அடுத்த பொண்ண எவனும் படிக்க உட மாட்டான். அவளே போய் ஏமாந்து வந்தா, உனக்கின்னாத்துக்குன்னுவான். போய்ச் சேந்துட்டு சொல்லிக்கலாம்."

போய்ச் சேர்ந்தேன். ஆனால் நடுவில் தோற்றதைச் சொல்லவே இல்லை. அப்பா இறந்தும் ஏழு வருஷம் ஆகிவிட்டது.



"எனக்கே சொல்லலையேக்கா," என்றான் ஏழுமலை. அழுகிறான் என்று தெரிந்தது. "அன்னிக்கி அப்பா மல்லாட்ட வறுக்கும்போது நான் ஒரு பிடி கேட்டேன். உனக்கு இல்லன்னு அடிச்சிட்டாரு. இதுக்குத்தானா?"

அதற்குள் போன் கை மாறியிருந்தது. கௌசியின் குரல், பத்து நாள் பேசாமல் இருந்த தொண்டை.

"அத்த, நெஜமாவா? உனக்கும் இல்லன்னுட்டாங்களா?"

"ஆமாண்டி."

"இத மொதல்லயே சொல்லியிருந்தா நான் இப்பிடி கதவ சாத்திக்கினு கெடந்திருப்பனா?"

அவள் அதைக் கோபமாகத்தான் கேட்டாள். அப்பா நல்லது நினைத்துத்தான் மறைத்தார். அதே மறைப்புதான் இந்தப் பெண்ணைப் பத்து நாள் இருட்டறையில் போட்டது. ஊரில் அவளுக்கு முன்னால் போன ஒரே பெண் நான். நான் ஒரே தடவையில் போனவள் என்று நம்பி அவள் தன்னை மட்டும் முட்டாளாக நினைத்துக்கொண்டிருந்தாள்.

5

வெள்ளிக்கிழமை கையெழுத்து நடக்கவில்லை. கௌசி அப்பாவோடு தானே மாடி ஏறினாள். பட்டாவின் நகலைத் திருப்பி வாங்கினாள். அந்த ஏஜென்ட், "இந்தச் சான்ஸ் போனா ஒங்களுக்கெல்லாம் மறுபடி கெடைக்காது" என்றானாம். 'ஒங்களுக்கெல்லாம்' என்று அவன் இழுத்த இழுப்பை எனக்குப் போனில் நடித்துக் காட்டினாள்.

"நீ இன்னா சொன்ன?"

"என் லெட்டர எடுத்துட்டு உன் லெட்டர வெச்சியே, அதான் சார் போன சான்ஸுன்னேன்."

அடுத்த நாள் அவள் செய்த வேலைதான் எங்கள் வீட்டுக் கதையைத் திருப்பிப் போட்டது. திண்டிவனத்தில் பேனர் அடித்த கடைக்கே போய் ஒரு துண்டு வெள்ளைப் பட்டை அடித்து வாங்கினாள். மத்தியான வெயிலில், பஸ் நிற்கிற நேரம் பார்த்து, அப்பாவின் லோடு ஆட்டோ மேல் ஏறி நின்று, புறப்படும் நாளுக்கு மேலே அதை ஒட்டினாள். 'தேதி பின்னர் அறிவிக்கப்படும்.'

பொதுக்கூட்டம் தள்ளிப்போனால் கட்சிக்காரர்கள் ஒட்டுவார்களே, அதே வாசகம். டீக்கடை முழுக்க வெளியே வந்து பார்த்ததாம். ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லையாம். டிரைவர் ஒருவர் ஹாரன் அடித்தாராம், அது பாராட்டா கேலியா என்று இன்னும் எங்களுக்குத் தெரியாது.

பட்டை ஒட்டிய பேனரைப் படம் எடுத்து எனக்கு அனுப்பினாள், அதைப் பார்த்துத்தான் நான் மாறினேன். அன்று தம்பிக்கு நானே செய்தி போட்டேன், பேனர் அங்கேயே இருக்கட்டும் என்று.

ஐப்பசி மழையில் அது ஓரம் கிழிந்தது. கார்த்திகையில் ஊர்ப் பக்கத்திலிருந்து இரண்டு பேர் வந்து, ரொம்ப நாள் ஆகிவிட்டது, பார்க்க அசிங்கமாக இருக்கிறது, எடுத்துவிடுங்கள் என்றார்கள். பக்கத்தில் ஒரு பிறந்தநாள் பேனர் அதைவிடப் பழையதாக, பாதி முகம் வெளுத்துப்போய் நின்றது. ஏழுமலை சொன்னானாம்: "எல்லாத்தையும் எடுங்க. கடைசியா எங்களுத நானே எடுக்கறேன்." இன்று வரை எதுவும் எடுக்கப்படவில்லை.

அதற்குள் கௌசி தன் பழைய கடிதத்தையும் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக எழுதினாள். நான் திருத்தியதில் என் வாசனை அடிக்கிறது என்றாள். சரி என்று ஒதுங்கிக்கொண்டேன். முடித்துவிட்டு அனுப்பியதை இரண்டு முறை படித்தேன்.

அதில் அவள் எங்கள் தெருவைப் பற்றி எழுதியிருந்தாள். பெருமழை வந்தால் ஊரின் தண்ணீர் முழுக்க எங்கள் தெருவில் வந்து நிற்கும். மூன்று நாள் வடியாது. சாலைக்கு அடியில் போட்ட குழாய் எங்கள் தெருத் தரையைவிட உயரத்தில் இருக்கிறது. அது ஏன் என்று பன்னிரண்டு வயதில் அப்பாவிடம் கேட்டாளாம். அது அப்படித்தான் என்றாராம். சிவில் படித்தபின் தானே மட்டம் பார்த்து அளந்திருக்கிறாள். எத்தனை அங்குலம் உயரம் என்று எழுதி, கையால் வரைந்த படமும் சேர்த்திருந்தாள். தண்ணீர் பள்ளத்துக்கு ஓடுவது இயற்கை, யாரைப் பள்ளத்தில் வைப்பது என்பது மனிதர்கள் எடுத்த முடிவு, அதைத் திருத்தத் தெரிந்துகொள்ளவே இந்தப் படிப்பு என்று முடித்திருந்தாள்.

யாழினிக்கு அதை மொழிபெயர்த்துச் சொன்னேன். தமிழில் எனக்கு வந்த சொற்கள் ஜெர்மனில் வரவில்லை, 'தெரு' என்ற ஒரு சொல்லை விளக்கவே அரை மணி ஆனது. இவள் அந்தத் தெருவுக்கு மூன்று முறைதான் போயிருக்கிறாள். ஏன் எல்லோரும் அந்தப் பக்கம் இருக்கிறார்கள், நாம் மட்டும் ஏன் இந்தப் பக்கம் என்று ஒரு தடவை கேட்டபோது, வெயில் அடிக்கிறது உள்ளே வா என்று நான் பேச்சை மாற்றியிருக்கிறேன். இந்த முறை மாற்றவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். முடிந்ததும் அவள் போனை எடுத்து மாமாவைக் கூப்பிட்டாள். ஜெர்மன் வாடை அடிக்கும் தமிழில், "மாமா, நீ பேனர எடுக்காத" என்றாள். மாமாவுக்கு 'நீங்க' போட வேண்டும் என்று நான் சைகை காட்டினேன்.

"உடுக்கா," என்றான் ஏழுமலை. "உரிமையாச் சொல்லுது."

6

கௌசி ஏப்ரலில் தொடங்கும் கோடைப் பருவத்துக்கு மறுபடி விண்ணப்பித்தாள், இடமும் கிடைத்தது. அதே பல்கலைக்கழகம், அதே படிப்பு, கட்டணம் இல்லாத அதே கல்லூரி. பூட்டிவைத்த பணம் அப்படியே இருந்தது. அதற்கு என் சேமிப்பும், கௌசி பேரில் பேங்கில் வாங்கிய கல்விக் கடனும் போதுமாக இருந்தன. மனை எங்கள் பேரில் இருக்கிறது. பட்டா இப்போது கௌசியின் தலையணை உறையில் இருப்பதாகக் கேள்வி.

என் ஆண்டு நடைக்கு முந்தின நாள், காலை ஆறு மணிக்குப் போன் அடித்தது. ஏழுமலை.

"க்கா, வந்துடுச்சிக்கா. பாஸ்போர்ட்ல ஒட்டிக்கினு வந்துடுச்சி. நானே தொட்டுப் பாத்தேன்."

சத்தம் கேட்டு எழுந்து வந்த யாழினி என்னைப் பார்த்துப் பயந்துவிட்டாள். நான் சிரிக்கிறேனா அழுகிறேனா என்று அவளுக்குத் தெரியவில்லை.

அவன் தொடர்ந்தான். இந்த முறை புதுப் பேனர், இரண்டு மடங்கு அகலம், ஐஃபெல் கோபுரம் வேண்டாம், சரியான ஜெர்மன் கோபுரம் ஒன்று அனுப்பு. கூடவே உன் நல்ல போட்டோவும் அனுப்பு, அன்றைக்கு உனக்கு வைக்காமல் விட்டதற்கும் சேர்த்துப் போடுகிறேன். பழசைக் கழற்றி மல்லாட்டை காயவைக்கிற களத்தில் மூடாக்குப் போட்டுவிடலாம்.

பின்னால் கௌசி கத்துவது கேட்டது.

"யப்பா, அத எவனும் தொடக் கூடாது!"

"ஏம்மா, கிழிஞ்சி கெடக்குதே."

"கெடக்கட்டும். அத்த போட்டோ வேணும்னா ஓரத்துல ஒட்டு. அந்த வெள்ளப் பட்டைய மட்டும் நானே உரிக்கிறேன்."

"உரிச்சா பழைய தேதி தெரியுமே. செப்டம்பர்னு இல்ல கீது?"

"தெரியணும்ப்பா. அத அழிக்காத. குறுக்க ஒரே ஒரு கோடு போட்டு, கீழ புதுத் தேதிய எழுது. ரெண்டு வாட்டி கேட்டுத்தான் போனேன்னு இந்த ரோட்ல போற எல்லாப் பொண்ணுங்களும் படிச்சிட்டுப் போவட்டும்."

தாம்பரத்து விடுதி வாசலில், கையில் மல்லாட்டைப் பொட்டலத்தோடு நின்ற அப்பாவை நினைத்துக்கொண்டேன். அடுத்த பொண்ணுக்காகத்தான் நீ மறைத்தாய் அப்பா. அடுத்த பொண்ணுக்காகத்தான் இவள் காட்டுகிறாள்.

என் நடையை அவள் வரும் வரை தள்ளிவைத்திருக்கிறேன். ரயில் நிலையத்திலிருந்து அந்த விடுதி வரை மூன்று பேரும் நடப்பதாக ஏற்பாடு. யாழினிதான் பெட்டியை இழுப்பாளாம், அவளே சொல்லிவிட்டாள்.

கூட்டேரிப்பட்டுக்காரர்களே, அந்த வழியாகப் போகிறவர்களே, உங்களிடம் எனக்கு ஒன்றே ஒன்று சொல்ல இருக்கிறது. பேனரில் இப்போது இரண்டு தேதிகள் இருக்கின்றன. மேலே இருப்பதன் குறுக்கே ஒரு கோடு, கீழே இருப்பது கறுப்பு பெயின்டில் என் தம்பி எழுதியது, எழுத்து கோணல். ஓரத்தில் ஐம்பத்து நான்கு வயதுப் பெண் ஒருத்தியின் படம் புதிதாக ஒட்டியிருக்கும், அது நான். சிரிப்பு வந்தால் நின்று நன்றாகச் சிரித்துவிட்டுப் போங்கள். எடுத்துவிடச் சொல்லி மட்டும் யாரும் எங்கள் தெருவுக்கு வராதீர்கள்.